ஆவுடையைச் சரிபார்க்க முடியவில்லை

ஆவுடை என்ற பெயரைச் சரிபார்க்க முடியவில்லை என்கிறது. சரி, இன்னொரு தடவை தட்டுவோம், ரேஷன் கடை மெஷின்கூட முதல் தடவை என் கட்டைவிரலை யாருடையதோ என்றுதான் சொல்லும், பாவாடையில் துடைத்துவிட்டு வைத்தால் வழிக்கு வரும். தட்டினேன். சரிபார்க்க முடியவில்லை. ஏ மூதேவி, நான்தான் ஆவுடை, சங்கரன்கோவிலில் பிறந்து இதே ஊரில் விசைத்தறிச் சேலைக் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆவுடைச்செல்வி, உன்னை உட்காரவைத்து மின்சாரம் கொடுத்து ஓட்டிக்கொண்டிருப்பவளே நான்தான், என்னிடமே நீ யார் என்று கேட்கிறாயே. சர்வர் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை, பீரோவுக்குப் பக்கத்தில் ஸ்டூலின்மேல் மூச்சிரைத்துக்கொண்டு கிடக்கும் என் பழைய லேப்டாப்தான், கட்டை கட்டையாக அடுக்கி ஊரும் வீடும் கட்டுகிற அந்த விளையாட்டின் என் உலகம் அதற்குள் ஓடுகிறது, நான் உள்ளே போய் விளையாடுவது மேஜைமேல் இருக்கும் இந்தக் கம்ப்யூட்டரில். நான் கதவைத் தட்டினால், இவள் அவள்தானா என்று லேப்டாப் விளையாட்டுக் கம்பெனிக்காரனிடம் கேட்கும், அவன் ஆமாம் என்றால் திறக்கும். ஆறு வருஷமாக ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியவன் இன்றைக்குப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறான். இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, அந்த மனுஷர் வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு. வருகிறேன் என்ன, வந்தே விட்டார், லேப்டாப் திரையில் வெள்ளெழுத்தில் வரி வந்து உட்கார்ந்திருக்கிறது, திருமலைக்குமார் உள்ளே வந்தார் என்று. அவரைச் சரிபார்க்க முடிகிறதாம், என்னைத்தான் முடியவில்லையாம். என் வீட்டுக்குள் விருந்தாளி இருக்கிறார், வீட்டுக்காரி தெருவில் நிற்கிறேன்.

பெண் பார்க்க வருவது வெள்ளிக்கிழமைதான், அதற்கு முன்னால் ரெண்டு பேரும் பேசிப் பார்க்கட்டும் என்று தரகரே பெரிய மனது பண்ணி நம்பர் வாங்கிக் கொடுத்தார். போனில் பேசும்போது என்ன பேசுவது என்று தெரியாமல் எனக்கு ஒரு வீடு இருக்கிறது, விளையாட்டில் கட்டியது என்று உளறிவிட்டேன், நானும் அதே விளையாட்டு விளையாடுவேங்க, உங்க வீட்டைப் பாக்க வரலாமா என்றார். வரலாம் என்று சொன்ன வாய் இது. நாலரைக்கு அவருக்குக் கம்பெனி வேன் வந்துவிடும், கயத்தாறுப் பக்கம் காற்றாலையில் வேலை, அந்த உயரக் கம்பத்தின் உச்சிக்கு ஏறி ரிப்பேர் பார்ப்பவர், இன்று சாயங்கால ஷிப்ட். நாலரைக்கு ராகுகாலமும் வந்துவிடும், அது அப்பாவின் கவலை. ராத்திரிக்குள் சரியா வேண்டாமா சொல்லு, வெள்ளிக்கிழமை வரச் சொல்லணுமா வேண்டாமான்னு தரகருக்குப் பதில் போகணும்லா என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆகவே எனக்கு இருப்பது இந்த அரை மணிதான், அதற்குள் அவரைப் பார்த்து, பேசி, இவரா என்று என் மனதுக்குத் தெரிந்தாக வேண்டும். அப்பாவும் அம்மாவும் இதை வீடியோ கால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. கட்டையில் கட்டிய வீட்டுக்கு மாப்பிள்ளை வருகிறார் என்று எப்படி விளக்குவது. அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார், பையன் ஒருவேளை வணக்கம் சொல்ல ஆசைப்பட்டால் உதவும் என்று. அம்மா கேசரி கிண்டியிருக்கிறாள். கம்ப்யூட்டரில் வருகிறவருக்கு எதற்கும்மா கேசரி என்று கேட்டால், வெறும் வீட்ல எப்படிட்டி பேசுவ, நெய் வாசனையாவது இருக்கட்டும் என்கிறாள்.

வெளியேறு, மறுபடி நுழை. பாஸ்வேர்டு. போனுக்கு நம்பர் வரும், அதை அடி. அடித்தேன். வாங்க ஆவுடை என்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, ஆனால் சர்வர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும் பழைய பல்லவி. தெரியும், ஆனால் தெரியாது. எத்தனை பேர் இப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்னை. கடையநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அத்தை, நட என்றாள், நடந்தேன், இது சொந்த முடிதானா என்று பின்னலைப் பிடித்துப் பார்த்தாள், சொந்த முடிதான் என்று அம்மா சத்தியம் செய்யாத குறை. அப்புறம் பாத்ரூம் எங்க இருக்கு என்று எழுந்து போனவள் பாத்ரூமுக்குப் போகவில்லை, அடுக்களைக்குப் போய் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள், நான் ஹாலிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிரிட்ஜில் என்ன இருந்தது, தோசை மாவும் வாழைப்பூவும். பிடிக்கவில்லைபோல, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புதோம் என்று போனவர்கள்தான். இந்தத் தடவை நான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், ஒரு ஆளை, அவர் என் வீட்டில் எப்படி நடக்கிறார், எதைத் தொடுகிறார், எதைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று. அது தப்பா. சரி, போனில் ஒரு வரி அனுப்பிவிடுவோம், கொஞ்சம் பொறுங்க, வந்துகிட்டே இருக்கேன். அனுப்பிவிட்டேன். ரெண்டு டிக். நீலம். பதில் வந்துவிட்டது, அவசரமே இல்ல, மெதுவா வாங்க, நானும் இன்னும் உள்ள போகல.

இன்னும் உள்ளே போகவில்லையா. லேப்டாப்பைப் பார்க்கிறேன், திருமலைக்குமார் உள்ளே வந்தார் என்ற வரி அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே வணக்கம் என்று அவரே அடித்திருக்கிறார், யாரும் இல்லபோல என்று இன்னொன்று. உள்ளே யார் என்ன பேசினாலும் செய்தாலும் சர்வரில் வரி வரியாக விழும், அது அவருக்குத் தெரியாது. ஆளைக் காட்டாது, எந்த இடத்தில் நிற்கிறார் என்று காட்டாது, எழுத்து மட்டும். அப்படியானால் பொய். எடுத்த எடுப்பில் முதல் பொய். எதற்குப் பொய் சொல்ல வேண்டும். வீட்டுக்காரி வருவதற்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்றா. கடையநல்லூர் அத்தை மாதிரி பாத்ரூம் எங்கே என்று கேட்டுவிட்டுப் பிரிட்ஜைத் திறக்கிற கூட்டமா இவரும். இப்போது எங்கே நிற்கிறார், கீழ் அறையிலா, பெட்டிகளைத் திறக்கிறாரா, திறந்தால் திறக்கட்டும், அதில் கல்லும் கோதுமையும்தான் கிடக்கிறது. மாடிக்கு மட்டும் போகக்கூடாது. மாடியில் கடலைப் பார்த்து ஒரு முன்னறை, சங்கரன்கோவிலில் கடல் இல்லை, அதனால் நானே தோண்டி வைத்துக்கொண்ட கடல், அங்கே ஆறு வருஷமாக ஒரே ஒரு நாற்காலிதான் கிடந்தது. நேற்று இன்னொன்று செய்து பக்கத்தில் போட்டேன். போட்டுவிட்டு ரொம்பப் பக்கமாக இருக்கிறதே என்று கொஞ்சம் தள்ளினேன், அப்புறம் ரொம்பத் தள்ளிவிட்டோமோ என்று திரும்பவும் நகர்த்தினேன். அதை நான் இல்லாமல் அவர் பார்த்துவிட்டால் நான் வெட்கத்தில் செத்தே போவேன். லேப்டாப்பில் புது வரி ஒன்றும் இல்லை. பேச்சையே காணோம். சத்தமில்லாமல் இருக்கிற ஆள்தான் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பான் என்று எங்கள் கடை முதலாளி சொல்வார், அவருக்கு எல்லார்மேலும் சந்தேகம், எனக்கும் தொற்றிவிட்டதுபோல.

இணையத்தில் தேடினால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ரௌட்டரை அணைத்துப் போடு. விளையாட்டைத் திரும்ப ஏற்று. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே ஒரு மருந்து, சர்வர் அமைப்பில் சரிபார்க்க வேண்டும் என்ற வரியை எடுத்துவிட்டு வேண்டாம் என்று போட்டுவிடு, யார் வந்தாலும் விட்டுவிடும், உன்னையும் விட்டுவிடும். கை போய்விட்டது அந்த வரிக்கு. ஆனால் அதை மாற்றினால் சர்வரை ஒரு தடவை நிறுத்தி எழுப்ப வேண்டும், உள்ளே இருப்பவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளின மாதிரி ஆகும். அதுவும் போக, சரிபார்க்காமல் உள்ளே போகிற ஆவுடை இந்த ஆவுடை இல்லை, அவள் புது ஆள், கையில் ஒன்றும் இருக்காது, ஊர் எல்லையில் வெறுங்கையோடு முளைப்பாள், என் பெயரை வைத்துக்கொண்டு எவன் வேண்டுமானாலும் வந்து நான்தான் ஆவுடை என்று கதவைத் தட்டலாம். வேண்டாம். நான் நானாகத்தான் போக வேண்டும். ஏட்டி, பையன் வந்துட்டானா, என்ன கேக்கான் என்று அப்பா ஹாலிலிருந்து. வந்துட்டாருப்பா, நாந்தான் இன்னும் போகல. போகலியா, எங்க போகணும், ரூமுக்குள்ளதான இருக்க. மணி ஆகுதுட்டி, ராகுகாலம் வந்துரும்லா.

வந்தது ஒரு வரி. திருமலைக்குமார் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். ஐயோ. விளையாட்டில்தான், உடனே ஊர் எல்லையில் உயிரோடு முளைத்துவிடுவார், இருந்தாலும் பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை முதல் நாளே விழுந்து செத்தால் என்ன அர்த்தம். மாடிக்குப் போயிருக்கிறார், கண்டிப்பாக மாடிதான், முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்து விழுந்திருக்கிறார், நாற்காலியைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சூடு. அடுத்த வரி விழுகிறது, அவரே அடிக்கிறார், செத்துட்டேன். அப்புறம், நல்லவேளை யாரும் பாக்கல. சிரித்துவிட்டேன், சத்தமாக, பொத்திக்கொள்ள முடியாமல். கதவிடுக்கில் அம்மாவின் முகம், கரண்டியோடு. சிரிக்கா, ஏங்க, நம்ம பிள்ள சிரிக்காங்க என்று ஹாலுக்கு ஓடுகிறாள். காற்றாலை உச்சியில் நின்று நட்டு முடுக்குகிறவர் என் வீட்டில் விழுந்து சாகிறார். அடுத்த வரி, அவங்க வர்றதுக்குள்ள ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கலாம். என்ன சொல்லிப் பார்க்கப் போகிறார். வணக்கம், நான் திருமலைக்குமார். அழித்துவிட்டு எழுதினாரோ என்னவோ, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, வணக்கங்க, ஒண்ணு சொல்லணும். நான் நிமிர்ந்து உட்காருகிறேன். எனக்கு உயரம்னா பயம். வேலையில சேர்ந்தப்பவே பயம், இன்னிக்கும் பயம், ஏறும்போது ஒவ்வொரு தடவையும் கை வேர்க்கும். யார்ட்டயும் சொன்னது கிடையாது. கட்டிக்கப் போறவங்ககிட்டயாவது சொல்லணும்னு தோணுது. இப்படிச் சொன்னா சரியா இருக்குமா, சிரிப்பாங்களோ.

நான் சிரிக்கவில்லை. படிக்கக் கூடாது, இது ஒட்டுக்கேட்பது, ஆளில்லாத இடத்தில் ஒருவர் தனக்குத்தானே பேசுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது, திரையைத் திருப்பி வை ஆவுடை. திருப்பவில்லை. பயந்துகொண்டே தினமும் ஏறுகிறாராமே. நானும்தான் ஒவ்வொரு தடவை ஹாலுக்குக் காபித் தட்டோடு போகும்போதும் கை வேர்த்துத் தட்டு வழுக்கும், அம்மா தட்டுக்கு அடியில் துண்டு வைத்துக் கொடுப்பாள், யாரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த ஆளை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் பொய் சொன்னாரே. பிடிக்கிறது, ஆனால் பொய், பொய், ஆனால் பிடிக்கிறது, செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறேன். நான் உள்ளே போக வேண்டும், போய்ப் பார்த்தால்தான் தெரியும், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது. கம்ப்யூட்டர் மூலையில் நாலு முப்பத்திரண்டு, அப்படியென்றால் நாலு இருபத்திரண்டு, லேப்டாப்பில் கடைசி வரியும் நாலு இருபத்திரண்டுக்குத்தான் வந்திருக்கிறது, சரியாக இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது. சரியாக இருக்கிறதா. ஏன் கழித்தேன். எங்கள் வீட்டில் மணி பார்த்தால் பத்து நிமிஷம் கழிக்க வேண்டும், அது எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பழக்கம். அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர், ஆயுள் முழுக்க டிரைவர்களை எடு எடு என்று விரட்டியவர், வீட்டில் எல்லாக் கடிகாரத்தையும் பத்து நிமிஷம் முன்னால் ஓடவிட்டு எங்களையும் விரட்டுகிறவர். ஹால் கடிகாரத்துக்குக் கழிக்கலாம், அடுக்களைக் கடிகாரத்துக்குக் கழிக்கலாம், கம்ப்யூட்டருக்கு எதற்குக் கழித்தேன். அது அப்பா கைக்கு அகப்படாத ஒரே கடிகாரம் இல்லையா.

அப்பா, கம்ப்யூட்டர்ல கை வச்சீங்களா என்று கத்துகிறேன். கை வைக்கலட்டி, சரி பண்ணேன் என்று வாசலில் வந்து நிற்கிறார், தேய்த்த சட்டை மடிப்புக் கலையாமல். பத்து நிமிஷம் ஸ்லோவா ஓடிட்டு இருந்துச்சு, ஹால் கடிகாரத்தப் பாத்து வச்சேன், நல்ல காரியம் பேசும்போது மணி சரியா இருக்க வேண்டாமா. மூலையில் தட்டினால் மணியை மாற்றலாம் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்த புண்ணியவதி நான்தான். என் கம்ப்யூட்டர் மணியும் கம்பெனிக்காரன் மணியும் ஒத்துப்போனால்தான் அவன் ஆளைச் சரிபார்ப்பான். பத்து நிமிஷம் கழித்துப் பிறக்க வேண்டியவள் இப்போதே வந்து நான்தான் ஆவுடை என்றால் எவன் நம்புவான், கம்பெனிக்காரன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கோபம் வர வேண்டும், வரவில்லை, வயிற்றிலிருந்து சிரிப்புதான் வருகிறது, அப்பாவைக் கட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது, எனக்கு நல்லது நடக்கட்டும் என்று கடிகாரத்தைத் திருகி என்னையே என் வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டாரே இந்த மனுஷர். மணியைத் தானாகவே சரிசெய்துகொள் என்று கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தேன், மூலையில் எண் ஒரு குதி குதித்துப் பின்னால் போனது. ஏட்டி, ஸ்லோ ஆக்கிட்ட என்கிறார் அப்பா, பதறிப்போய். இருக்கட்டும்ப்பா, நீங்க ஹால்ல இருங்க. வெளியேறு. நுழை. தட்டு. திரை கறுக்கிறது, சுற்றுகிறது, சுற்றுகிறது, கை வேர்க்கிறது, அப்புறம் புல், வானம், என் தெரு, மழை பெய்துகொண்டிருக்கிறது.

முதலில் என் கோழிகளைப் பார்த்தேன். முன்வேலிக் கேட்டை யார் திறந்தாலும் அத்தனையும் தபதபவென்று தெருவுக்கு ஓடிவரும், திரும்பப் பிடித்து அடைப்பதற்குள் உயிர் போய்விடும், கேட்டைத் திறக்காமல் வீட்டுக்குள் போக வழியே கிடையாது. ஒரு கோழிகூட வெளியே இல்லை. எல்லாம் உள்ளே மழையில் கொத்திக்கொண்டு நிற்கின்றன. கேட்டுக்கு வெளியே, தெருவில், நீலச் சட்டை போட்ட ஒரு உருவம் அசையாமல் நிற்கிறது, என் வீட்டைப் பார்த்தபடி. போனில் அவர் சொன்னது நிஜம்தான், வீட்டுக்கு உள்ளேயே போகவில்லை. மாடியும் இல்லை, நாற்காலியும் இல்லை, பெட்டியும் இல்லை. விழுந்தது கேட்டுக்கு எதிரே நான் தோண்டிப் பாதியில் விட்ட கிணற்றில், வீட்டின் முகப்பை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று பின்னால் பின்னால் நடந்தால் சரியாக அதில்தான் விழ வேண்டும், எனக்குத் தெரியும், மாடி கட்டிய அன்று நானே அப்படித்தான் விழுந்தேன். கிணற்றைச் சுற்றி இப்போது பந்தம் நட்டு வைத்திருக்கிறது, என்னிடம் இருக்கிற பந்தம் இல்லை, அவர் கொண்டுவந்தது, அடுத்து வருகிறவர் விழாமல் இருக்க வரிசையாக, ஒவ்வொன்றாக. முதலில் பேச்சே இல்லாமல் போனது அப்படி வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தானா. சந்தேகப்பட்டேனே, முதலாளி வாயை இரவல் வாங்கிக்கொண்டு. மன்னிச்சுக்கோங்க, ரொம்ப நேரமா நிக்கீங்களா என்று அடித்தேன். உருவம் என் பக்கம் திரும்பியது. இல்லங்க, இப்பதான் வந்தேன் என்று எழுத்து வந்தது, நாலு மணியிலிருந்து நிற்கிற மனுஷர். உள்ள போயிருக்கலாம்ல, மழையில நிக்கீங்களே. நீங்க இல்லாம எப்படிங்க. சர்வரில் படித்ததைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அவருக்கு வேன் வந்துவிடும், முதலில் அவர் சொல்ல நினைத்ததை அவர் வாயால் சொல்லட்டும், நான் சொல்ல வேண்டியதை நேரில் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன். கேட்டைத் திறந்தேன். கோழிகள் அவ்வளவும் அவர் காலைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடின, ஐயையோ என்று அடித்தார், பிடிக்க ஓடினார், நானும் ஓடினேன், ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. என்னட்டி சத்தத்தையே காணோம், பையன் எப்படி என்று அப்பா ஹாலிலிருந்து குரல் கொடுக்கிறார், பக்கத்தில் அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

"பொய் சொல்லுதாருப்பா" என்றேன்.

"என்னது? பொய்யா?" ஹாலில் நாற்காலி நகர்கிற சத்தம்.

"ஆமாப்பா. வெள்ளிக்கிழமை வரச் சொல்லிருங்க."